இல்லத் தோட்டம்: வசம்பென்று மயங்க வைத்த மலர்

பூச்செடிகளைப் பற்றி எமக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை இரண்டே வினாக்களை உடையன. ‘என் செடி ஏன் பூக்கவில்லை?’ என்பது ஒன்று. ‘இஃது என்ன செடி?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஆறுதலாக விடையிறுக்கலாம், செடி காத்திருக்கும். இரண்டாவது வினாவோ சிலவேளைகளிற் காத்திருக்க மாட்டாது. அத்தகைய கடிதம் ஒன்று சென்ற ஆனி மாதத்தில் எமக்குக் கிடைத்தது.

எழுதியவர் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகக் கனடா சென்று, ரொறன்ரோ நகருக்கு அண்மையிலுள்ள மகளின் வீட்டில் தங்கியிருப்பவர். பேரப்பிள்ளை பிறந்து இருபது நாட்கள் கழிந்திருந்தன. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வைத்துக்கொண்டிருந்த அவருக்கு ஒரே ஒரு குறை. உரைமருந்துக்கு வசம்பு இல்லை. அவ்வேளையிலேதான், வீட்டின் பின்புறத்தில் முன்னிருந்த குடித்தனக்காரர் வெட்டி வைத்த சிறு குளத்தின் கரையில், வாள் போன்ற நெடிய இலைகளோடு ஒரு செடிக்கூட்டம் நிற்பதைக் கண்டார். வைத்தியராயிருந்த தம் பேரனாரின் வளவிலே கிணற்றடியில் நின்ற வசம்பின் நினைவு உடனே வந்தது. கிழங்கைத் தோண்டி எடுத்தார், கழுவினார், துண்டுகளாக வெட்டி வெயிலிற் காயவும் வைத்தார்.

“எல்லாம் எங்கள் வளவு வசம்பைப் போலவே இருக்கின்றன, ஐயா. ஆனால் மணம் இல்லை. வெட்டிய விரல்கள் கடிக்கின்றன. குளிர் நாட்டு வசம்பு மணப்பதில்லையோ? பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கலாமோ? மகள் உங்களுக்கு எழுதிக் கேட்கச் சொன்னாள்” என்பது கடிதத்தின் சாரம். கைப்பேசியில் எடுத்த படங்கள் மூன்றும் உடன் வந்தன. மூன்றாவது படத்திலே, இலைகளுக்கு நடுவே, பொன்மஞ்சள் நிறத்தில் ஒரு மலர் விரிந்திருந்தது.

அன்றே மறுமொழி விடுத்தோம். கிழங்கை எவரும் உண்ணாவண்ணம் அகற்றிவிடுமாறும், கத்தியையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுமாறும், பிள்ளையின் வாயில் யாதொன்றும் இடற்க எனவும் எழுதினோம். அது வசம்பன்று, மஞ்சள் ஐரிஸ். அதன் சாறு தோலை எரிக்கும். அதன் கிழங்கு வயிற்றுட் சென்றால் வாந்தியையும் கடும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கும். பெரியவர்களுக்கே தீங்கு பயப்பதை மூன்று வாரக் குழந்தை எவ்வாறு தாங்கும்? மணமில்லையே என்று ஐயுற்ற அம்மையாரின் மூக்கும், எழுதிக் கேள் என்று தடுத்த மகளின் மதியும் அன்று ஓர் உயிரைக் காத்தன என்றே கருதுகின்றோம்.

எனினும் அம்மையாரைக் குறை சொல்வார் எவருமிலர். இந்த மயக்கம் அவர் ஒருவருக்கு உரியதன்று. 1753 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இம்மஞ்சள் மலருக்குப் பெயரிட்டபோது, ‘ஐரிஸ் சூடகோரஸ்’ என்றே இட்டார். ‘அகோரஸ்’ என்பது வசம்பு. ‘சூட’ என்பது போலி. ஆகவே பெயரே ‘போலி வசம்பு’ என்று எச்சரிக்கின்றது. யப்பானிய மக்களோ இந்த மயக்கத்தோடு பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்து, அதிலிருந்து ஒரு பழமொழியையும் ஒரு தோட்டக்கலையையும் ஆக்கிக்கொண்டவர்கள். ஆதலின் இவ்வாரம் ஐரிஸ் குலத்திலே தாடியற்ற பிரிவினைப் பற்றி, அவற்றை அடையாளங் காண்பது எவ்வாறு, வளர்ப்பது எவ்வாறு என்று சிறிது விரிவாகவே எழுதப் புகுகின்றோம்.

தாடி என்பது யாது?

ஐரிஸ் என்பது கிரேக்கரின் வானவில் தேவதையின் பெயர். ஏறத்தாழ 300 இனங்களைக் கொண்ட இக்குலம் உலகின் வடபாதியிலுள்ள குளிர்ந்த, மிதமான நாடுகளுக்கு உரியது. பூவின் அமைப்பை ஒருமுறை கூர்ந்து நோக்கியவர் பின்னர் மறக்கமாட்டார். மூன்று இதழ்கள் நிலம் நோக்கி வளைந்து தொங்கும்; இவற்றைத் தாழிதழ் என்போம். மூன்று இதழ்கள் மேல் நோக்கி நிற்கும். இவற்றை நிமிரிதழ் என்போம். நடுவிலுள்ள தம்பமும் மூன்று கிளைகளாகப் பிரிந்து, இதழ்களைப் போலவே நிறம் பெற்று, ஒவ்வொரு தாழிதழின் மேலும் கூரை போலக் கவிந்திருக்கும். அக்கூரையின் அடியிலே மகரந்தம் தாங்கிய கேசரம் ஒளிந்திருக்கும்.

தேனீ தாழிதழில் வந்திறங்கி, கூரையின் அடியால் நுழைந்து தேனுக்குச் செல்லும். கூரையின் விளிம்பிலுள்ள சிறு மடல், தேனீ வேறொரு பூவிலிருந்து முதுகிற் சுமந்து வந்த மகரந்தத்தை வழித்தெடுத்துக்கொள்ளும். உள்ளே செல்லும் தேனீயின் முதுகில் இப்பூவின் மகரந்தம் படியும். பூவொன்றுக்கு மூன்று வாயில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூரை, ஒரு வரவேற்புப் படி.

அப்படியின் அடையாளமே நமக்கு வேண்டியது. சில இனங்களிலே தாழிதழின் நடுவில், கம்பளிப் புழுவொன்று ஒட்டிக்கிடப்பதைப் போல, அடர்ந்த மயிர் வரிசை காணப்படும். இவை தாடியுள்ள ஐரிஸ்கள். ஐரோப்பியத் தோட்டங்களிற் பெரும்பாலும் காண்பவை. மற்றவற்றிலே மயிர் இராது. தாழிதழின் அடியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு தீற்று அல்லது வலைக்கோலம் மட்டுமே தேனீக்கு வழிகாட்டும். இவையே தாடியற்றவை. பொதுவாகச் சொன்னால், தாடியுள்ளவை வெயிலையும் வறண்ட நிலத்தையும் விரும்புவன; தாடியற்றவற்றுட் பல ஈரத்தை விரும்புவன. தோட்டக்காரர் முதலில் இதை அறியாவிடின், உலர்நிலத்துக்குரியதைச் சேற்றில் நட்டு அழுகவிடுவார். சேற்றுக்குரியதை மணலில் நட்டு வாடவிடுவார்.

அயாமேயைத் தேடிய வீரர்

யப்பானிலே 12 ஆம் நூற்றாண்டில் மினமோத்தோ நோ யோரிமாசா என்றொரு வில்வீரர் வாழ்ந்தார். அவரைப் பற்றித் ‘தைஹெய்கி’ என்னும் பழைய போர்க்கதை நூலில் ஒரு கதை வருகின்றது. அரண்மனையில் அயாமே என்ற அழகிய மங்கை ஒருத்தி இருந்தாள். வீரரின் அரும்பணிக்குப் பரிசாக அவளை மணமுடித்துத் தருவதாக அரசர் வாக்களித்தார். ஆனால் அவளைப் போலவே ஆடையணிந்த மங்கையர் பலரை நிறுத்தி, “இவர்களுள் அயாமே யார் என்று நீரே தேர்ந்துகொள்ளும்” என்றார். வீரர் திகைத்துத் தம் திகைப்பையே ஒரு பாட்டாகப் பாடினார். அரசர் மகிழ்ந்து மங்கையை அளித்தார். ‘எது அயாமே, எது காக்கிட்சுபாட்டா?’ என்று, ஒன்றுக்கொன்று குறையாத இரண்டைக் கண்டு மயங்கும்போது யப்பானியர் சொல்வதுண்டு. இரண்டும் ஐரிஸ் மலர்களின் பெயர்களே.

இக்கதையைக் கேட்கும் தமிழர்க்குத் தமயந்தியின் சுயம்வர மண்டபம் நினைவுக்கு வாராமற் போகாது. ஐந்து நளர்கள் ஒருங்கே வீற்றிருந்தனர். யப்பானிய வீரர் மயங்கினார்; நம் தமயந்தியோ மயங்கவில்லை. தேவர்களின் கண் இமையாது, பாதம் நிலத்தைத் தொடாது, அணிந்த மாலை வாடாது என்ற அடையாளங்களைக் கொண்டு மானிட நளனைக் கண்டுகொண்டாள். முகத்தை நோக்காது குறிகளை நோக்கினாள். செடிகளை இனங்காண விரும்பும் மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. நிறமும் அழகும் ஏமாற்றும், குறிகள் ஏமாற்றமாட்டா.

மூன்று மலர்களும் அவற்றின் குறிகளும்

யப்பானியத் தோட்டத்தில் ஒன்றையொன்று ஒத்த தாடியற்ற ஐரிஸ்கள் மூன்று. மூன்றும் இயல்பில் ஊதா நிறத்தன. மூன்றும் வாள் போன்ற இலையுடையன. ஆயினும் நான்கு குறிகளை நோக்குவோர்க்கு ஐயம் எழாது. அவை நிற்கும் இடம், தாழிதழின் அடி, இலையின் நடு நரம்பு, பூக்கும் காலம் என்பன.

முதலாவது அயாமே, தாவரவியலார் ‘ஐரிஸ் சங்குயினியா’ என்பர். இது நீர்ச்செடியன்று. புல்வெளியிலும் நன்கு நீர் வடியும் நிலத்திலும் வளர்வது. உயரம் ஒன்று முதல் இரண்டு அடி. இலை ஒடுங்கியது; நடு நரம்பு தெளிவாகத் தெரியாது. தாழிதழின் அடியிலே மஞ்சளும் வெள்ளையும் ஊதாவும் கலந்த வலைக்கோலம் உண்டு. வைகாசித் தொடக்கத்தோடு, மூன்றிலும் முந்திப் பூக்கும்.

இரண்டாவது காக்கிட்சுபாட்டா, ‘ஐரிஸ் லீவிகாட்டா’. இது நீரிலே நிற்பது. சதுப்பிலும் குளத்தின் ஓரத்திலும் கால் நனைய வளரும். இலை அகன்று மென்மையானது. ‘லீவிகாட்டா’ என்ற இலத்தீன் சொல்லின் பொருளே ‘வழுவழுப்பானது’ என்பது. நடு நரம்பு புடைத்திராது. தாழிதழின் நடுவே கூரிய வெண்தீற்று ஒன்று ஓடும். வைகாசி மாதத்திற் பூக்கும்.

மூன்றாவது ஹனஷோபு, ‘ஐரிஸ் என்சாட்டா’. ஈரநிலத்துக்குரியது. உயரம் மூன்றடி வரை செல்லும். தாழிதழின் அடியிலுள்ள தீற்று மஞ்சள் நிறம். பூ வெள்ளையாயினும், நீலமாயினும், இளஞ்சிவப்பாயினும் அந்த மஞ்சள் மாறாது. ஆனியிலே, மற்றிரண்டும் ஓய்ந்த பின்னர் பூக்கும். பூவில்லாக் காலத்திலும் இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துக் குறுக்காகத் தடவுக. நடுவிலே கயிறு போல ஒரு நரம்பு தட்டுப்பட்டால் அது ஹனஷோபு. தட்டுப்படாவிடின் மற்றிரண்டில் ஒன்று.

மாணவர்கள் இதனைச் சுருக்கமாக நினைவில் வைக்கலாம். வலை என்றால் அயாமே. வெள்ளை என்றால் காக்கிட்சுபாட்டா. மஞ்சள் என்றால் ஹனஷோபு.

இம்மூன்றுக்கும் அந்நாட்டார் அளித்திருக்கும் மதிப்புப் பெரிது. ‘இசே மொனொகத்தாரி’ என்னும் பழங்கதைத் தொகுதியிலே, யத்சுஹாஷி என்ற இடத்திற் காக்கிட்சுபாட்டா மலர்ந்திருக்கக் கண்ட வழிப்போக்கன் ஒருவன், அப்பெயரின் ஐந்து அசைகளையும் ஐந்து அடிகளின் முதலிலே வைத்து, வீட்டில் விட்டுவந்த மனைவியை நினைந்து பாடுகின்றான். அக்காட்சியை ஒகாத்தா கோரின் என்ற ஓவியர் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொற்றகட்டுத் திரைகளில் தீட்டினார். அத்திரைகள் டோக்கியோவிலுள்ள நெசு அரும்பொருட்சாலையில் உள்ளன. கரியா நகரிலுள்ள காக்கிட்சுபாட்டாச் சதுப்பு 1938 ஆம் ஆண்டிலிருந்து இயற்கை நினைவுச் சின்னமாகக் காக்கப்பட்டு வருகின்றது.

ஹனஷோபுவின் வரலாறோ மனிதரின் விடாமுயற்சிக்குச் சான்று. மட்சுடைரா சதாதோமோ (1773–1856) என்னும் எடோ நகரத்துப் பெருமகன் காட்டு மலரின் விதைகளை விதைத்து, சிறந்தவற்றைத் தெரிந்து, மீண்டும் விதைத்துத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தார். இன்று உலகெங்கும் உள்ள பெரும் பூக்களின் வழித்தோன்றலுக்கு அவருடைய தோட்டமே நாற்றுமேடை. அவரிடமிருந்து குமமோத்தோ நாட்டார் சில செடிகளை வேண்டிப் பெற்றனர். பெற்றவர் அவற்றைச் சாடிகளிலே வளர்த்தனர். பூக்கும் காலத்தில் வீட்டின் உள்ளே திரைக்கு முன்னே வைத்து, விருந்தினர் நிலத்தில் அமர்ந்து மௌனமாகப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். செடியைப் பிறருக்குக் கொடுப்பதில்லை என்ற கட்டுப்பாட்டையும் நெடுங்காலம் காத்தனர். எடோவின் ஹொரிகிரித் தோட்டம் பொதுமக்கள் திரளாகச் சென்று காணும் இடமாயிற்று. 1857 இல் ஹிரோஷிகே என்ற ஓவியர் அதைத் தம் புகழ்பெற்ற படவரிசையில் வரைந்தார்.

வசம்பு எங்கே வந்தது?

இனி அம்மையாரின் கடிதத்துக்கு மீள்வோம். ‘ஹனஷோபு’ என்ற பெயரைப் பிரித்துப் பார்ப்பின் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. ‘ஹன’ என்பது பூ. ‘ஷோபு’ என்பது வேறெதுவுமன்று, நம் வசம்பே! இலை வசம்பை ஒத்திருந்தமையின், ‘பூ வசம்பு’ என்று அவர்கள் அழைத்தனர். பழங்காலத்திலோ வசம்புக்கே ‘அயாமே’ என்ற பெயர் வழங்கிற்று. இன்றும் ஒரே சீன எழுத்துக்களை ‘ஷோபு’ என்றும் படிப்பர், ‘அயாமே’ என்றும் படிப்பர். அம்மையார் ரொறன்ரோவிலே மயங்கியதற்கு ஒரு நாட்டின் மொழியே துணை நிற்கின்றது.

யப்பானியரும் வசம்பைப் பிள்ளைகளுக்காகவே தேடுகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் மே 5 ஆந் தேதி, வசம்பிலைகளை வெந்நீரில் இட்டுப் பிள்ளைகளை நீராட்டுவது அவர்களின் தொன்மையான வழக்கம். தீயன அணுகா என்பது நம்பிக்கை. முன்னர் ஆண்பிள்ளைகளின் விழாவாயிருந்த அந்நாள் 1948 ஆம் ஆண்டிலிருந்து சிறுவர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நாம் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரிட்டு, பெயர் சொல்லவும் தயங்கிக் காத்த அதே செடி, கடல்கள் பல கடந்த நாட்டிலும் பிள்ளைக்குக் காவலாக நிற்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது.

எனின், மெய் வசம்பைப் போலி வசம்பிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? முதற் குறி மணம். இலையைக் கசக்கினாலும் கிழங்கை வெட்டினாலும் வசம்பு இனிய காரமணம் வீசும். ஐரிஸின் இலை வெறும் பச்சிலை நாற்றமே தரும். இரண்டாவது குறி பூ. வசம்புக்கு இதழ் விரிந்த மலரே இல்லை. இலை போன்ற தண்டின் பக்கத்திலிருந்து சோளக்கதிரைப் போன்ற சிறு மடற்கதிர் சாய்ந்து நீளும். மூன்றாவது குறி குலம். முன்னர் வசம்பைச் சேம்பின் குடும்பத்திலே வைத்தனர்; இக்கால ஆய்வுகள் அதைத் தனிக் குடும்பமாக்கி, ஒருவித்திலைத் தாவரங்கள் யாவற்றிலும் முதலிற் பிரிந்த கிளை என்று காட்டியுள்ளன. ஐரிஸுக்கும் அதற்கும் உறவு மிகத் தொலைவு. நடு நரம்பை மட்டும் நம்பற்க. மஞ்சள் ஐரிஸுக்கும் புடைத்த நரம்பு உண்டு.

மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. மெய் வசம்பாயினும் இக்கால மருத்துவர் அதனை உள்ளே கொடுக்க உடன்படுவதில்லை. அதிலுள்ள அசரோன் என்னும் பொருளின் காரணமாக, அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1968 ஆம் ஆண்டிலே உணவில் வசம்பைச் சேர்ப்பதைத் தடுத்தன. ஆதலின் கைக்குழந்தையின் வாயில் எதனை இடுவதாயினும் மருத்துவரைக் கேட்டே இடுக.

வளர்க்கும் முறை

குளிர்நாடுகளில் வாழும் எம் வாசகர்களுக்காகச் சில குறிப்புக்கள். தாடியுள்ள ஐரிஸின் கிழங்கு மண்ணின் மேலே வெயில் காண வேண்டும். தாடியற்றவற்றுக்கு அவ்வாறன்று; ஹனஷோபுவை ஓரிரு அங்குலம் மண்ணுள் அமையுமாறு நடல் வேண்டும். அதன் புதுவேர்கள் ஆண்டுதோறும் பழைய வேருக்கு மேலே தோன்றும். செடி தானாகவே மண்ணிலிருந்து மேலெழுந்துவிடும். ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூ ஓய்ந்தவுடன், தோண்டிப் பிரித்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, புதிய இடத்தில் நடுக. பழைய குழியிலேயே மீண்டும் நட்டால் செழிக்காது. சாடியில் வளர்ப்போர் மண்ணை முற்றாக மாற்றுக.

மண் சற்றுப் புளிப்பாயிருத்தல் வேண்டும். சுண்ணாம்பு இதற்குப் பகை. எலும்புத்தூளும் அடுப்புச் சாம்பலும் இடற்க. மக்கிய இலையெருவும் நன்கு மட்கிய மாட்டெருவும் ஏற்றவை. ஆனால் புதிதாக நட்ட செடிக்கு உடனே பசளை இடுவது வேரைச் சுடும். மொட்டுக் கட்டும் காலத்திலிருந்து பூ முடியும்வரை நீர் குறையலாகாது. யப்பானியத் தோட்டப் படங்களில் இச்செடிகள் நீரில் நிற்பதைக் கண்டு பலர் ஏமாறுவர். அங்கே பூக்காலத்தில் அழகுக்காகவே பாத்திகளில் நீர் நிரப்புவர். குளிர்காலத்தில் வேர் நீரில் ஊறினால் அழுகிவிடும். எக்காலமும் நீரில் நிற்க வல்லது காக்கிட்சுபாட்டாவே.

முதன்முதலாக வளர்ப்போர்க்கு எளியது சைபீரிய ஐரிஸ். இது அயாமேயின் நெருங்கிய உறவு. ‘ஐரிஸ் சைபீரிக்கா’வும் அயாமேயும் கலந்து பிறந்தவையே தோட்டங்களில் இப்பெயரால் வழங்குகின்றன. பூந்தண்டு கிளைத்திருந்தால் சைபீரிக்காவின் சாயல். கிளையாதிருந்தால் அயாமேயின் சாயல். கடுங்குளிரைத் தாங்கும். சாதாரணத் தோட்ட மண் போதும். அடிக்கடி கிளறுவதை மட்டும் விரும்பாது. பிரித்து நட்ட ஆண்டிற் பூ குறைந்தால் மனந்தளரற்க.

மஞ்சள் ஐரிஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அழகிற் குறைவில்லை, ஆனால் அடக்கமில்லை. அதன் விதைகள் நீரில் மிதந்து செல்லும். ஒடிந்த கிழங்குத் துண்டும் முளைக்கும். ஐரோப்பாவிலிருந்து அழகுச் செடியாகச் சென்று, இன்று வட அமெரிக்காவின் ஓடைகளையும் யப்பானின் நீர்நிலைகளையும் நெருக்கி, அங்குள்ள செடிகளின் இடத்தைப் பறிக்கின்றது. இக்கதை நமக்குப் புதிதன்று. ஆற்றுவாழை எனவும் ஆகாயத்தாமரை எனவும் நாம் அழைக்கும் செடியும் அழகுக்காகவே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1909 ஆம் ஆண்டிலேயே அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் நூறாண்டைக் கடந்துவிட்டது. ஆற்றுவாழையும் நம் குளங்களில் இருக்கின்றது.

நம் நாட்டில் வளருமா?

‘இவ்வளவும் சொன்னீர்; எங்கள் முற்றத்தில் நடலாமோ?’ என்று யாழ்ப்பாணத்து வாசகர் கேட்பர். உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். யாழ்ப்பாணத்து நிலத்தின் அடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். கிணற்று நீரும் சுண்ணாம்பு மிக்கது. குளிர்காலத்தில் மடிந்து உறங்கி எழும் ஹனஷோபுவுக்கு மண்ணும் ஏற்காது, வெப்பமும் ஏற்காது. மலைநாட்டிலுள்ளோர் சாடியில் வைத்து முயன்று பார்க்கலாம்.

ஆயினும் தாழ்நிலத்தாரும் மனங்குறைய வேண்டியதில்லை. வெப்ப நாட்டுத் தோட்டங்களிலும் வளரும் தாடியற்ற ஐரிஸ் ஒன்று உண்டு. விசிறி போல் விரிந்த இலைகளும், செம்புள்ளி தெளித்த செம்மஞ்சட் பூக்களும் உடையது. ஒவ்வொரு பூவும் ஒரு நாளே நின்று, மாலையிற் கயிறு போல முறுகி மூடும். காய் வெடித்தால், கறுத்த விதைகள் பழக்கொத்துப் போல் மினுங்கும். நெடுங்காலம் ‘பெலம்கண்டா’ என்ற பெயரால் வழங்கிய அதனை, மரபணு ஆய்வின்பின் 2005 ஆம் ஆண்டில் ‘ஐரிஸ் டொமெஸ்டிக்கா’ என்று இக்குலத்திற் சேர்த்தனர். இதே செடியை 1753 இல் ஓரிடத்தில் லின்னேயஸ் ஓக்கிட் இனமென்று எண்ணி எழுதிவிட்டார். ‘போலி வசம்பு’ என்று பிறரை எச்சரித்த அதே பேரறிஞரும், அதே ஆண்டிலே, வேறொரு ஐரிஸிடம் மயங்கினார்! ஆதலின் மாணவர்களே, இனங்காண்பதிற் பிழைத்தால் நாணற்க. பிழையை ஆராயாது விடுவதற்கே நாணுக. இச்செடியின் கிழங்கும் வாயில் வைக்கத் தக்கதன்று என்பதை மட்டும் மறவற்க.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் அம்மையாரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. பிள்ளை நலம். துடக்குக் கழிவு இனிதே நிறைவேறியதாம். மருத்துவர் வேண்டாமென்றமையின் உரைமருந்து கொடுக்கவில்லை. “எங்கள் வீட்டில் வசம்பு தொடாமல் வளரும் முதற் பிள்ளை இது, மனம் கொஞ்சம் நொந்தது. ஆனால் பிள்ளையைக் காக்கத்தானே வசம்பு? காப்பது வேறொன்றானால் அதையே செய்கிறேன்” என்று எழுதியிருக்கின்றார். ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய மெய் வசம்புத் துண்டை, பூச்சி அணுகாதிருக்கப் புத்தகப் பெட்டியில் இட்டுவைத்தாராம்.

குளக்கரையிலிருந்த மஞ்சள் ஐரிஸை, விதை முற்றுமுன், மருமகன் கையுறையணிந்து வேரோடு தோண்டிப் பையிலிட்டு அகற்றிவிட்டார். அவ்விடத்திலே நீல ஐரிஸ் ஒன்றை நட்டிருக்கின்றனர். ‘ஐரிஸ் வெர்சிக்கலர்’ என்னும் அது அந்நாட்டிற்கே உரிய தாடியற்ற இனம். 1999 ஆம் ஆண்டிலிருந்து கியூபெக் மாகாணத்தின் மலராக விளங்குவது. அதன் கிழங்கும் நஞ்சுடையதே என்பதை அம்மையாருக்கு எழுதியிருக்கின்றோம். செடியருகே ஒரு சிறு பலகையை நட்டு, அதிலே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதிவைக்குமாறும் வேண்டினோம். பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் காலத்தில், அந்தப் பலகையே அவனுக்கு முதற் பாடமாகட்டும்.